ஆலிவ் மரத்தடியில் தாலி கட்ட எவ்வளவு ஆகும்?

பெயர் வேண்டாம் என்று கேட்டு ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். கூடவே ஓர் எக்செல் தாளும் அனுப்பியிருக்கிறார். சுருக்கம் இது: சொந்த ஊர் மதுரைப் பக்கம். வயது 30. அவரும் ஈரோட்டுக்காரரான வருங்காலக் கணவரும் பெங்களூரில் ஐ.டி. வேலை பார்க்கிறார்கள். வேலை விஷயமாக இவர் 2 வருடம் இத்தாலியின் மிலானில் இருந்திருக்கிறார். அப்போது நண்பர்களோடு தெற்கே பூல்யா மாநிலத்துக்குப் போய், ஓஸ்துனி அருகே ஒரு பழைய பண்ணை வீட்டைப் பார்த்து மனம் பறிகொடுத்துவிட்டார். வெள்ளைச் சுவர், கல் முற்றம், சுற்றிலும் ஆலிவ் மரங்கள். கல்யாணம் அங்கேதான் என்று முடிவு செய்துவிட்டார். அடுத்த ஜூன் கடைசி சனிக்கிழமை, 60 விருந்தினர்கள். அங்குள்ள ஏற்பாட்டாளர் 22,000 யூரோ என்று மதிப்பீடு கொடுத்திருக்கிறார். 30 சதவீதம் முன்பணம் கேட்கிறார். இருவரின் சேமிப்பும் சேர்த்து 28 லட்சம். அப்பா அரசுப் பள்ளி ஆசிரியர், வயது 57, கையில் 8 லட்சம் வைப்புத்தொகை. தேவைப்பட்டால் வீட்டை வைத்து 15 லட்சம் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். 78 வயது அப்பத்தா மூட்டுவலியோடு இருக்கிறார். அவர் இல்லாமல் தாலி ஏறக்கூடாது என்பது வாசகியின் ஒரே பிடிவாதம்.

"மதுரையில் மண்டபம் பிடித்து 1,200 பேருக்கு இலை போட்டாலும் 30 லட்சம் ஆகிறது. அதே பணத்தில் 60 பேரோடு இத்தாலியில் செய்தால் என்ன தப்பு? பதிவை இங்கேயே முன்கூட்டி முடித்துவிட்டுப் போகலாம் என்று இருக்கிறோம். அப்பாவின் பணத்தை வாங்கலாமா?" இதுதான் கேள்வி.

தப்பு ஒன்றும் இல்லை அம்மா. உங்கள் கல்யாணம், உங்கள் சம்பாத்தியம். உங்கள் எக்செல் தாளையும் நிதானமாகப் பார்த்தேன்; நல்ல உழைப்பு. மாலைக்குக்கூடத் தனி வரி இருக்கிறது. ஆனால் 14-வது வரியில் "இந்திய விருந்தினர் பயணம்" என்று எழுதி, எதிரே பூஜ்யம் போட்டிருக்கிறீர்கள். பக்கத்தில் ஒரு குறிப்பு: "அவரவர் டிக்கெட்டை அவரவர் எடுத்துக்கொள்வார்கள், அங்கே அப்படித்தான் வழக்கம்." உங்கள் மொத்தக் கணக்கும் அந்தப் பூஜ்யத்தின் மேல்தான் நிற்கிறது.

அந்தப் பூஜ்யம்

மிலான் நண்பர்கள் 20 பேருக்கு அந்த வழக்கம் பொருந்தும். ரயிலோ விமானமோ பிடித்து, அறைக்குத் தாங்களே பணம் கட்டி, கையில் பரிசுக் கவரோடு வருவார்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். ஆனால் உங்கள் பட்டியலில் இந்தியாவிலிருந்து வரும் 40 பேரில், இருபக்கத்துப் பெரியவர்கள் மட்டும் 22 பேர். தாய்மாமனிடம் போய் "மாமா, பத்திரிகை இந்தாங்க, டிக்கெட்டை நீங்களே போட்டுக்கங்க" என்று சொல்ல உங்கள் அம்மாவால் முடியுமா? முறைமைக்காரர்களைக் கடல் கடந்து கூப்பிட்டால் கூட்டிப்போகும் பொறுப்பும் நம்முடையதுதான். அவர்கள் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். "மாட்டைப் பார்த்துக்க ஆள் இல்லப்பா" என்று சொல்லி வராமல் இருந்துவிடுவார்கள். பிறகு பத்து வருடம் அதைச் சொல்லிக் காட்டுவார்கள்.

ஒருவருக்கு என்ன ஆகும் என்று போட்டுப் பார்த்தேன். யூரோ 105 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். சென்னையிலிருந்து பூல்யாவில் விமான நிலையம் உள்ள பாரி அல்லது பிரிண்டிசிக்கு நேர் விமானம் கிடையாது. வளைகுடாவில் ஒரு முறை, ரோமில் ஒரு முறை மாற வேண்டியிருக்கும். ஜூன் கடைசியில் போகவர 85,000 ரூபாய் என்று வைப்போம். இத்தாலி உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவின் கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ. அதோடு விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம், குறைந்தது 30,000 யூரோ ஈடுள்ள மருத்துவக் காப்பீடு என்று 14,000. இருவருக்கு ஓர் அறை என்று மூன்று இரவுக்குத் தலைக்கு 17,000. வேன், மற்ற வேளைச் சாப்பாடு, ஊருக்கு ஊர் தலைக்கு இவ்வளவு என்று ஹோட்டலில் வாங்கும் தங்கல் வரி எல்லாம் 10,000. ஆக 1,26,000. 22 பேருக்கு 27.7 லட்சம். உங்கள் கல்யாணச் செலவுக்குச் சமமாக, கல்யாணத்துக்குப் போகும் செலவு ஒன்று தனியாக நிற்கிறது.

இனி அந்த 22,000 யூரோவுக்கு வருவோம். மதிப்பீட்டின் கடைசிப் பக்கத்தில், கீழே பொடி எழுத்தில் "ஈவா எஸ்க்லூசா" என்று இருக்கிறது, கவனித்தீர்களா? ஈவா என்பது நம் ஜி.எஸ்.டி. மாதிரி அங்குள்ள மதிப்புக்கூட்டு வரி. எஸ்க்லூசா என்றால் அது இதில் சேரவில்லை என்று பொருள். சாப்பாட்டுக்கு 10 சதவீதம், பூ, போட்டோ, ஏற்பாட்டாளர் கூலி போன்றவற்றுக்கு 22 சதவீதம். உங்கள் மதிப்பீட்டில் சாப்பாடு 60 பேருக்கு 130 யூரோ வீதம் 7,800, மீதி 14,200. வரி மட்டும் 3,904 யூரோ. மொத்தம் ஏறக்குறைய 26,000 யூரோ, அதாவது 27 லட்சத்துக்குச் சற்று மேல். கிரீஸையும் யோசித்ததாக எழுதியிருந்தீர்கள். அங்கே பொது வரி விகிதம் 24 சதவீதம். அதோடு, ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஐந்து நட்சத்திர ஹோட்டலில் ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 15 யூரோ பருவநிலைக் கட்டணம் வேறு. இடம் மாற்றினால் செலவு இறங்கிவிடும் என்று நினைக்க வேண்டாம்.

ஆக 27 லட்சம், 27.7 லட்சம், உங்கள் இருவரின் பயணம், துணிமணி, புரோகிதர், சில்லறை எல்லாம் ஒரு 4 லட்சம். 59 லட்சத்தில் நிற்கிறது. கல்யாணக் கணக்கில் பத்துக்கு ஒன்று கைமீறுவது சகஜம். அதையும் சேர்த்தால் 65. தாளில் நீங்கள் போட்டது 30.

பதிவு முதலில், தாலி பிறகு?

நீங்கள் சாதாரணமாக எழுதிய இந்த ஒரு வரிதான் என்னைக் கொஞ்சம் பதற வைத்தது. இந்து திருமணச் சட்டத்தின் கீழ் திருமணத்தை உண்டாக்குவது சடங்கு. நடந்த திருமணத்துக்குச் சாட்சிதான் பதிவு. 2024-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் இதைத் தெளிவாகவே சொன்னது: சடங்கு நடக்காமல் சான்றிதழ் மட்டும் வாங்கியிருந்தால் அந்தச் சட்டப்படி அது திருமணமே ஆகாது. அந்த வழக்கில் இருந்த ஜோடியும் உங்களைப் போலத்தான். சான்றிதழ் இப்போது, சடங்கு அடுத்த வருடம் என்று திட்டம் வைத்திருந்தார்கள். நடுவில் உறவு முறிந்துவிட்டது.

இத்தாலியிலேயே சட்டப்படி செய்துகொள்ள முடியாதா என்றால், முடியும். அதற்கு "நுல்லா ஓஸ்தா" என்ற தடையில்லாச் சான்றை அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் வாங்கி, மாவட்ட நிர்வாக அலுவலகத்தில் 16 யூரோ முத்திரைத் தலை ஒட்டி ஒப்புதல் பெற்று, நகராட்சி அதிகாரி முன்னால் நிற்க வேண்டும். இத்தாலி மொழி புரியாதவர்களுக்கு மொழிபெயர்ப்பாளரும் வேண்டும். அந்தத் திருமணமும் நகராட்சி மண்டபத்திலோ, நகராட்சி அங்கீகரித்த இடத்திலோதான் நடக்கும். நீங்கள் விரும்பும் பண்ணை வீட்டுக்கு அந்த அங்கீகாரம் உண்டா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். ஆலிவ் மரத்தடியில் நம் முறைப்படி தாலி கட்டினால் இத்தாலியச் சட்டத்தின் பார்வையில் அது ஒரு விருந்து, அவ்வளவுதான். அதை இங்கே பதியப் போனால் சார்பதிவாளர் "எங்கே நடந்தது?" என்று கேட்பார்.

உங்களுக்குச் சுலபமான வழிகள் இரண்டு. பெங்களூரில் நீங்கள் 30 நாளுக்கு மேல் வசிப்பதால், 1954-ஆம் வருட சிறப்புத் திருமணச் சட்டப்படி அங்கேயே திருமண அதிகாரியிடம் நோட்டீஸ் கொடுக்கலாம். 30 நாள் கழித்து, நோட்டீஸ் கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள், மூன்று சாட்சிகளோடு போய்க் கையெழுத்துப் போட்டால் திருமணம் முடிந்தது. இங்கே சடங்கு தேவையில்லை. அப்புறம் இத்தாலியில் என்ன செய்தாலும் அது உங்கள் சந்தோஷம். இன்னொரு வழி, மதுரையிலேயே கோயிலிலோ வீட்டிலோ எளிமையாகத் தாலி கட்டி, தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி 90 நாளுக்குள் பதிவது. 1967-இல் இந்து திருமணச் சட்டத்தில் தமிழ்நாடு சேர்த்த 7-ஏ பிரிவின்படி உறவினர், நண்பர் முன்னிலையில் மாலை மாற்றியோ மோதிரம் மாற்றியோ தாலி கட்டியோ செய்யும் சுயமரியாதைத் திருமணமும் முழுமையாகச் செல்லும், புரோகிதர் கட்டாயமில்லை. எதைச் செய்வதானாலும் ஒரு வக்கீலிடம் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

கையெழுத்துப் போடும் முன்

"முன்பணம் வேண்டாமென்றால் திரும்பக் கிடைத்துவிடும்தானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். 30 சதவீதம் என்றால் 6,600 யூரோ, ஏறத்தாழ 7 லட்சம். அது திரும்புமா என்பது ஒப்பந்தத்தில் இருக்கும் ஒரே ஒரு சொல்லைப் பொறுத்தது. "அக்கோன்தோ" என்றிருந்தால் அது விலையில் ஒரு பகுதியாகக் கொடுத்த அட்வான்ஸ். ஒப்பந்தம் கலைந்தால் அதைத் திரும்பக் கேட்கலாம், அவர்களுக்கு நஷ்டம் என்றால் அதைத் தனியாக நிரூபித்துக் கேட்பார்கள். "கபார்ரா கன்ஃபிர்மதோரியா" என்றிருந்தால் இத்தாலிய சிவில் சட்டத் தொகுப்பின் 1385-ஆம் பிரிவு வந்து நிற்கும்: நீங்கள் பின்வாங்கினால் அவர்கள் முழுவதையும் வைத்துக்கொள்ளலாம், அவர்கள் பின்வாங்கினால் நீங்கள் இரண்டு மடங்கு கேட்கலாம். நம் ஊரில் நிலத்துக்கு அச்சாரம் போடுவதும் இதே தர்க்கம்தான். நீங்கள் அனுப்பிய வரைவில் இந்த இரண்டாவது சொல்தான் இருக்கிறது. மதுரையில் உட்கார்ந்துகொண்டு பிரிண்டிசி நீதிமன்றத்தில் வழக்கு நடத்துவது நடக்கிற காரியமில்லை. அதனால் முன்பணத்தைக் குறைத்துக் கேளுங்கள். குடும்பத்தாருக்கு விசா மறுக்கப்பட்டால் ஒரு முறை தேதி மாற்ற அனுமதி உண்டு என்று ஒரு வரி எழுதி வாங்குங்கள்.

விசாவில் நீங்கள் ரொம்ப நம்பிக்கையாக இருக்கிறீர்கள். மிலான் தோழி அழைப்புக் கடிதம் தருவார் என்கிறீர்கள். நல்லது, அது ஒரு துணை ஆவணம். ஆனால் வருமான வரிக் கணக்கே தாக்கல் செய்யாத, விவசாயம் பார்க்கும் பெரியப்பா ஊருக்குத் திரும்பி வருவார் என்று விசா அதிகாரியை நம்ப வைப்பது பட்டாவும் வங்கிக் கணக்கும்தான். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். முடிவு 15 நாளில் வர வேண்டும், சில சமயம் 45 நாள் வரை இழுக்கும். மறுத்தாலும் கட்டணம் திரும்பாது. 22 பேரில் இரண்டு மூன்று பேருக்காவது சிக்கல் வரும் என்றே திட்டமிடுங்கள். விசா கைக்கு வரும்வரை, ரத்து செய்தால் பணம் திரும்பாத டிக்கெட்டை யாருக்கும் வாங்காதீர்கள், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் சரி.

இன்னும் சில சில்லறை விஷயங்கள். விருந்தில் பாட்டுப் போட சியாயே என்ற காப்புரிமை அமைப்பிடம் அனுமதி வாங்க வேண்டும். கட்டணம் ஜோடியின் தலையில்தான், அது மதிப்பீட்டில் இல்லை. அக்னி வளர்க்கப் போகிறீர்கள் என்றால் இடத்துக்காரரிடம் எழுத்தில் கேளுங்கள். ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரை பூல்யாவில் காட்டுத்தீ அபாயக் காலம். வெட்டவெளியில் நெருப்புக்குக் கட்டுப்பாடு உண்டு. சைவம் என்று சொன்னால் அவர்கள் கறி மீனை நிறுத்துவார்கள், ஆனால் பார்மிஜானோ பாலாடைக்கட்டி கன்றின் இரைப்பையில் எடுக்கும் உறைபொருளால் ஆனது என்பது அவர்கள் நினைவுக்கு வராது. மாப்பிள்ளை வீட்டார் சுத்த சைவம் என்று எழுதியிருந்தீர்கள், அதனால் சொல்கிறேன். அப்புறம் அந்தப் படங்கள் எந்த வருடம் எடுத்தவை என்றும் கேளுங்கள். 2013-இல் கண்டுபிடிக்கப்பட்ட சைலெல்லா என்ற பாக்டீரியா நோயால் பூல்யாவின் தென்பகுதியில் லட்சக்கணக்கான ஆலிவ் மரங்கள் காய்ந்துவிட்டன. விளம்பரத்தில் இருக்கும் தோப்பு இன்றும் பச்சையாக இருக்கிறதா என்று பார்த்து ஒரு வீடியோ அனுப்பச் சொல்லி மிலான் தோழியைக் கேட்கலாம்.

உங்கள் கையில் இருக்கும் ஒரு துருப்புச்சீட்டு

ஐரோப்பியக் கல்யாணத்தில் விலை ஏறுவது சனிக்கிழமை சாயங்காலத்தால். எல்லோருக்கும் அதே நாள், அதே நேரம் வேண்டும். நமக்கு என்ன? முகூர்த்தம் புதன்கிழமை வந்தால் புதன்கிழமை, வியாழன் வந்தால் வியாழன். அதுவும் காலை ஒன்பதுக்கும் பத்தரைக்கும் நடுவில். நீங்களோ சனிக்கிழமை, மாலை ஆறு மணி என்று அவர்களுடைய அட்டவணைக்குள் போய் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

மே கடைசியில், வைகாசியில் ஒரு வியாழக்கிழமை காலை என்று கேட்டுப் பாருங்கள். காலையில் செய்தால் மரத்துக்கு மரம் தொங்கவிடும் விளக்கு வேண்டாம். டி.ஜே. வேண்டாம். ஜூன் கடைசி வெயிலும் இல்லை. இரவு விருந்துக்குப் பதில் மதியச் சாப்பாடு. 130 யூரோ தட்டில் ஒயினும் நள்ளிரவு வரை திறந்திருக்கும் பாரும் அடக்கம் என்று அவர்கள் பட்டியலிலேயே இருக்கிறது. உங்கள் விருந்தினரில் பாதிப் பேர் அதைத் தொடப்போவதில்லை. மது இல்லாத மதிய உணவுக்குத் தனி விலை கேளுங்கள், நண்பர்களுக்கு மட்டும் தனியாகக் கணக்குப் பார்க்கச் சொல்லுங்கள். அக்டோபர் முதல் பாதி அங்கே மலிவு, ஆனால் நமக்குப் புரட்டாசி. உங்கள் வீட்டில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஐப்பசி பிறந்த பிறகு பரவாயில்லை, மழைக்கு மட்டும் உள்ளே ஒரு கூடம் இருக்க வேண்டும்.

பணத்தை அனுப்பும் வழி

வெளிநாட்டுக்கு ஒருவர் ஒரு நிதியாண்டில் அனுப்பும் தொகை 10 லட்சத்தைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு வங்கி 20 சதவீதத்தை டி.சி.எஸ். என்ற பெயரில் முன்கூட்டியே வரியாகப் பிடிக்கும். டூர் பேக்கேஜாக வாங்கினால் விகிதம் வேறு, வங்கியில் கேட்டுக்கொள்ளுங்கள். டி.சி.எஸ். தொலைந்துபோகும் பணம் இல்லை, வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் கல்யாண நேரத்தில் கையில் இருக்க வேண்டிய பணம் அரசிடம் போய் உட்கார்ந்திருக்கும். அவரவர் பங்கை அவரவர் கணக்கிலிருந்து அனுப்புங்கள். முன்பணம் மார்ச்சுக்கு முன், மீதி ஏப்ரலுக்குப் பின் என்று பிரித்தால் இரண்டு நிதியாண்டு கிடைக்கும். யூரோ 5 ரூபாய் ஏறினால் 26,000 யூரோவில் 1.3 லட்சம் கூடுதலாகப் போகும், அதையும் மனதில் வையுங்கள். அங்கே கடைக்காரர் கார்டு இயந்திரத்தில் "ரூபாயிலா, யூரோவிலா?" என்று கேட்டால் யூரோ என்று சொல்லச் சொல்லி வீட்டில் எல்லோருக்கும் பழக்கிவிடுங்கள். ரூபாய் என்றால் அவர்கள் போடும் மாற்று விகிதத்தில்தான் கழியும்.

அப்பாவின் வீடு

வாங்காதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது யோசனை இல்லை. 15 லட்சம், 10 சதவீத வட்டி, 7 வருடம் என்றால் மாதத் தவணை 24,900 ரூபாய். மொத்தம் கட்டுவது கிட்டத்தட்ட 21 லட்சம். அப்பாவுக்கு இன்னும் 3 வருடத்தில் ஓய்வு. கடன் தீரும்போது அவருக்கு 64. "நாங்கள் கட்டிவிடுவோம்" என்று எழுதியிருக்கிறீர்கள், கட்டுவீர்கள் என்றே நானும் நம்புகிறேன். ஆனால் ஐ.டி. வேலையில் ஒரு வருடம் இடைவெளி விழுந்தால் வங்கி நோட்டீஸ் அப்பாவின் பெயருக்குத்தான் வரும். ஒரு நாள் சாப்பாட்டுக்காக, குடியிருக்கும் வீட்டுப் பத்திரம் வங்கிப் பெட்டிக்குள் ஏழு வருடம் இருக்க வேண்டுமா?

அப்பா பேச்சு வந்ததால் இன்னொன்று. உங்கள் தாளில் வரவுப் பக்கமே இல்லை. உங்கள் வீட்டில் மொய் நோட்டு இருக்குமே, எடுத்துப் பார்த்தீர்களா? மதுரைப் பக்கம் முப்பது வருடம் வேலை பார்த்த ஒரு வாத்தியார் எத்தனை கல்யாணம், காதுகுத்து, புதுமனைக்குச் செய்முறை செய்திருப்பார்! அதெல்லாம் ஊருக்குள் அவர் போட்டு வைத்த பணம். 60 பேரோடு இத்தாலியில் முடித்துவிட்டு வந்தால், அந்தப் பழைய மொய்யைத் திருப்பிச் செய்ய ஊராருக்கு வாசலே இல்லாமல் போகும். பணத்தை விடுங்கள், "வாத்தியார் வீட்டுக் கல்யாணத்துக்கு நமக்குப் பத்திரிகை இல்லையா" என்ற பேச்சை உங்கள் அப்பா ஓய்வு பெற்ற பிறகும் அதே தெருவில் இருந்து கேட்க வேண்டும். மதுரைக் கல்யாணத்துக்கு 30 லட்சம் என்று நீங்கள் போட்டது செலவை மட்டும்தான். மொய் கழித்து எவ்வளவு என்று அப்பாவிடம் கேளுங்கள்.

என்ன செய்யலாம்?

இரண்டு வழி எனக்குத் தெரிகிறது. ஒன்று, பூல்யாவிலேயே கல்யாணம், ஆனால் 36 பேர்: நண்பர்கள் 20, நீங்கள் செலவு செய்து கூட்டிப்போகும் குடும்பத்தார் 12, சொந்தச் செலவில் வரக்கூடிய உறவினர் 4. எண்ணிக்கையை மட்டும் குறைத்தால் போதாது. இடம், பூ, போட்டோ எல்லாம் 60 பேருக்கும் 36 பேருக்கும் ஒரே விலைதான். அவற்றையும் 14,200-இலிருந்து 9,000 யூரோவுக்கு இறக்கி, வரி சேர்த்துப் போட்டால் 17 லட்சம். குடும்பப் பயணம் 15 லட்சம், உங்கள் செலவு 4 லட்சம். 36 லட்சம் வருகிறது. மாதம் 75,000 சேமிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஒன்றரை வருடம் தள்ளிப்போட்டால் கையில் 41 லட்சம் இருக்கும். அவசரத்துக்கு 6 லட்சத்தை ஒதுக்கினால் ஏறக்குறைய சரிக்குச் சரி. இழுபறிதான், ஆனால் கடன் இல்லை.

மற்றது, தாலி மதுரையில், விருந்து பூல்யாவில். அப்பாவின் 8 லட்சத்தையும் வருகிற மொய்யையும் வைத்து ஊரில் அளவாக ஒரு கல்யாணம், மறுவாரமே பதிவு. சில மாதம் கழித்து அதே பண்ணை வீட்டில் 28 பேருக்கு மதியச் சாப்பாடு: மிலான் கூட்டம் 20, இரு வீட்டுப் பெற்றோர், உடன்பிறந்தார், அப்பத்தா என்று 8. இடம் முழுவதையும் வாடகைக்கு எடுக்காமல் சாப்பாட்டுக்கு மட்டும் முன்பதிவு, அரை நாள் போட்டோ, கொஞ்சம் பூ என்றால் 6.5 லட்சத்துக்குள் அடங்கும். எட்டுப் பேர் பயணம் 10 லட்சம், உங்களுடையது 4 லட்சம். 20.5 லட்சம். உங்கள் 28 லட்சத்தில் 7 லட்சத்துக்கு மேல் மிச்சம் நிற்கும், யாரும் யாரிடமும் கை நீட்ட வேண்டாம்.

என்னைக் கேட்டால் இரண்டாவது. "ஆலிவ் மரத்தடியில் தாலி" என்ற உங்கள் ஆசைக்கு அது சரிப்படாது என்று தெரியும். அந்தக் காட்சிதான் முக்கியம் என்றால் முதல் வழியில் போங்கள், அதிலும் தப்பில்லை. பதிவுக்கு மட்டும் பெங்களூர் வழியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

எந்த வழியானாலும் ஏற்பாட்டாளருக்கு இந்த வாரம் பணம் அனுப்ப வேண்டாம். ஈவா சேர்த்து எவ்வளவு, கபார்ராவா அக்கோன்தோவா, வியாழன் காலை என்றால் என்ன விலை என்று மூன்று கேள்வி மட்டும் எழுதி அனுப்புங்கள். கல் பாவிய முற்றத்தில் சக்கர நாற்காலி உருளுமா, தரைத்தளத்தில் படியில்லாத அறை உண்டா என்பதையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.

அப்பத்தாவுக்கு பாஸ்போர்ட் இருக்கிறதா என்று எழுதவில்லை. இல்லையென்றால் முதல் வேலை அதுதான். அவர் வயதுக்காரர்கள் பலருக்கு ஆதாரில் பிறந்த நாள் ஜனவரி 1 என்று இருக்கும், வாக்காளர் அட்டையில் வேறு ஒரு வருடம் இருக்கும். இரண்டையும் எடுத்து ஒன்றாக வைத்துப் பாருங்கள். ஒத்துவரவில்லை என்றால் திருத்தி முடிக்கவே இரண்டு மூன்று மாதம் ஆகலாம்.